சனிக்கிழமை கணினிக் கழகம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

வாட்ஸ்அப் குழுவில் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். சனிக்கிழமை பசியாறிவிட்டுக் கணினி அறைக்குப் போகும் பிள்ளை மத்தியானம் வரைக்கும் அங்கே என்ன செய்கிறது, கேட்டால் "கெர்னல்" என்கிறது, போனில் காட்டும் படத்திலோ கறுப்புத் திரையும் மூலையில் ஒரே ஒரு எழுத்தும்தான் இருக்கிறது என்று. நியாயமான கேள்வி.

கணினியைத் திறந்ததும் விண்டோஸ் வருவதற்கு முன்னால் பெட்டிக்குள் என்ன நடக்கிறதோ, அதைத்தான் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சொந்தமாக எழுதிப் பார்க்கிறார்கள். கெர்னல் என்பது கணினியின் மற்ற எல்லா நிரல்களையும் நடத்தும் அடிப்படை நிரல். நம் பள்ளியில் படித்து இப்போது போலிடெக்னிக்கில் இருக்கும் ஓர் அண்ணன் வந்து சொல்லிக்கொடுக்கிறார். பழைய கணினிகளில் பயாஸ் என்ற சிறு நிரல் முதலில் எழுந்து, வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் நினைவகத்தில் ஏற்றும் (பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தை வைக்கும் அளவு சிறு இடம்). அதன் கடைசி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்று இருந்தால்தான் அதை ஓட்டும் (இரண்டும் பதினாறின் அடிப்படையில் எழுதும் எண்கள்). போன வாரம் ஒரு மாணவி எல்லாம் சரியாக எழுதியும் "நோ பூட்டபிள் டிவைஸ்", அதாவது தொடங்குவதற்கு ஏற்ற வட்டு இல்லை என்றே வந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரே எண்ணாக 55ஏஏ என்று எழுதியிருந்தாள், ஆனால் இந்த வகைச் செயலி (ப்ராசஸர்) அப்படி எழுதிய எண்ணின் பின்பாதியை முதலில் வைக்கும், அதனால் வட்டில் இரண்டும் இடம் மாறி விழுந்திருந்தன. யாரும் சொல்லாமல், பைட் பைட்டாக விரலை வைத்துப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். ஏஏ55 என்று மாற்றினாள், மஞ்சள் நிறத்தில் எழுத்து வந்தது.

தேர்வுக்கு இதனால் என்ன லாபம் என்று ஓர் அப்பா கேட்டார். ஆறாம் ஆண்டில் எழுதிவந்த யுபிஎஸ்ஆர் தேர்வையே 2021இல் எடுத்துவிட்டார்கள். ஒரு பிழையின் முன்னால் பொறுமையாக உட்காரும் பழக்கம் இந்த வயதில் வருவதை நான் பெரிதாக நினைக்கிறேன். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கெர்னலும் 1991இல் ஹெல்சிங்கியில் ஒரு பல்கலைக்கழக மாணவர், லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவது அதுதான்.

அப்புறம், கணக்கு நோட்டில் கட்டங்களைக் கறுப்பாக நிரப்பி வைத்திருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். திரை எழுத்துகளை மட்டும் காட்டும் முறையில் 80 பத்தி, 25 வரிசை, ஒவ்வோர் இடத்துக்கும் எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட், அவ்வளவுதான். அங்கே இயல்பாகக் கிடைக்கும் 256 உருவங்களில் தமிழ் கிடையாது. அதனால் 320க்கு 200 புள்ளி உள்ள வரைகலை முறைக்குப் போய், "க" எப்படி இருக்கும் என்று கட்டம் கட்டமாக வரைந்து, நிரம்பிய கட்டத்துக்கு 1, காலிக்கு 0 என்று எழுதுகிறார்கள். "கொ" இன்னும் பெரிய வேலை. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் க முதலில் வரும், கொம்பு அதற்கப்புறம், வரையும்போதோ கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் போட வேண்டும். இதற்காக இரண்டு சனிக்கிழமை போனாலும் எனக்குச் சம்மதம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வீட்டு லேப்டாப்பில் இதைச் செய்து பார்க்க விடாதீர்கள். கெர்னலைப் பென்டிரைவில் எழுதும் கட்டளையில் வட்டின் பெயர் ஓர் எழுத்து மாறினால் வீட்டுப் படங்கள், கோப்புகள் எல்லாம் போய்விடும். பள்ளியில் பெரும்பாலும் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி போல ஓடும் க்யூஎமு மென்பொருளில்தான் சோதிக்கிறோம், அதில் எது நின்றாலும் மூடித் திறந்தால் போதும்.

வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மேசைக்கணினி இருந்தால் அனுப்பி வையுங்கள். புது லேப்டாப்புகள் பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ வழியாகத் தொடங்குவதால் இந்தப் பாடத்துக்கு ஒத்துவராது, பழையதுதான் வேண்டும். காலிப் பென்டிரைவ் ஒன்றும் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பிள்ளைகள் உங்களுக்கு ஓட்டிக் காட்டுவார்கள். செம்பனை ஆலையில் காலை ஷிப்ட் உள்ளவர்களுக்காக மாலை 4 மணிக்கு இன்னொரு முறையும் காட்டச் சொல்லியிருக்கிறேன். தம்பி தங்கைகளையும் கூட்டி வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்