கசிந்த மூலநிரலை நாங்கள் தொடவில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நாங்கள் என்ன செய்கிறோம் என்று உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பழைய வியூக கேமின் அசல் வட்டு உங்களிடம் இருக்கிறது, படங்களும் ஒலியும் அதிலிருந்து வருகின்றன. அவற்றை இன்றைய கணினியில் ஓடவைக்கும் எஞ்சின், அதாவது கேமை இயக்கும் நிரல், முழுவதும் நாங்கள் எழுதியது. தொடக்கத்திலிருந்தே அப்படித்தான்.

நம் எல்லோருக்கும் பிடித்த அந்த கேமின் மூலநிரல் (சோர்ஸ் கோடு, அதாவது அதை உருவாக்கியவர்கள் எழுதிய அசல் நிரல் வரிகள்) கசிந்ததிலிருந்து இரண்டு பேச்சுகள் காதில் விழுகின்றன. "அதுதான் வெளியே வந்துவிட்டதே, எடுத்துப் போட்டு வேலையைச் சீக்கிரம் முடியுங்களேன்" என்பது ஒன்று. அதில் எங்களுக்கு வருத்தமில்லை, ஆசையில் கேட்கிறீர்கள். ஆனால் போன பதிப்பில் பாலத்தின் மேல் படைகள் சிக்கிக்கொள்ளும் பிழையைச் சரிசெய்தோமே, அதைக் கசிந்த நிரலிலிருந்து திருடினோம் என்று சிலர் பரப்புகிறார்கள். அது வலிக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிழையைக் காட்டும் முதல் சேவ் கோப்பு (ஆட்டத்தைப் பாதியில் சேமித்த கோப்பு) எங்களுக்கு வந்தது கசிவுக்கு வெகு முன்னால். அனுப்பியது உங்களில் ஒருவர். அந்த ஆட்டத்தை அசல் கேமிலும் எங்கள் எஞ்சினிலும் அருகருகே ஓடவிட்டோம். இரண்டும் எந்தக் கணத்தில் பிரிகின்றன என்று பார்த்தோம். எதிரெதிரே வரும் இரு படைகளில் எது முதலில் வழிவிடுகிறது என்பதில்தான் வித்தியாசம். விதியை ஊகித்து எழுதினோம், தவறாகப் போனது, மறுபடி எழுதினோம். இந்தத் தடுமாற்றம் முழுவதும் எங்கள் மாற்றப் பதிவுகளில் தேதியோடு இருக்கிறது. எங்களோடு தொடர்பில்லாத நிரலாளர் யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், முழுசாகத் திறந்து காட்டுகிறோம். முடிவு அசலைப் போலவே இருக்கிறது என்பதையே திருட்டுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அசலைப் போல நடந்துகொள்வதற்காகத்தானே இந்த எஞ்சினை வாங்கினீர்கள்?

சட்டத்துக்கு வருவோம். கசிந்துவிட்டால் பொதுச்சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எத்தனை பேர் தரவிறக்கினாலும் பதிப்புரிமை எழுதியவரிடமோ அவருடைய நிறுவனத்திடமோதான் இருக்கும். அமெரிக்கச் சட்டப்படி நிறுவனத்துக்காக எழுதிய படைப்புக்கு, வெளியான நாளிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. இன்னொரு பக்கம், விலை கொடுத்து வாங்கிய கேமைப் பிரித்து ஆராய்வதை நீதிமன்றங்கள் ஒரேயடியாகத் தடுத்துவிடவில்லை. 1992-இல் அமெரிக்காவில் செகா, அக்கோலேட் என்ற இரு கேம் நிறுவனங்களின் வழக்கில், பொருந்தி இயங்கும் கேம் செய்வதற்காக நிரலைப் பிரித்துப் பார்த்தது நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதி கேட்காமலே சட்டம் விடும் பயன்பாடு, என்று தீர்ப்பானது. அதே ஆண்டில் அட்டாரி கேம்ஸ், நின்டெண்டோ வழக்கு வேறு விதமாகப் போனது. வழக்கு நடப்பதாகப் பொய் சொல்லிக் பதிப்புரிமை அலுவலகத்திலிருந்து நின்டெண்டோவின் நிரல் பிரதியை அட்டாரி தரப்பு வாங்கியிருந்தது. ஆராய்வது தப்பில்லை, ஆனால் ஆராயும் பிரதி முறையாகக் கைக்கு வந்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். எங்கள் தொழிலே இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில்தான் நிற்கிறது. கசிந்த கோப்பைத் திறந்த நிமிடத்தில் நாங்கள் அட்டாரியின் பக்கம் போய்விடுவோம்.

பார்த்தால் மட்டும் என்ன, காப்பி அடிக்காமல் இருந்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள். படித்ததை மனசிலிருந்து அழிக்க முடியாது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவைக்கும் வைன் திட்டம், விண்டோஸ் மூலநிரலைப் பார்த்தவர்களின் பங்களிப்பையே ஏற்பதில்லை. விண்டோஸுக்குப் பொருந்தும் இயங்குதளத்தைத் தாங்களே எழுதும் ரியாக்ட்ஓஎஸ் திட்டத்தின் மீது இதே மாதிரிச் சந்தேகம் எழுந்தபோது, 2006-இல் அவர்கள் தங்கள் நிரல் முழுவதையும் தணிக்கை செய்ய வேண்டியதாயிற்று. எங்களைப் போன்ற சின்ன நிறுவனம் அப்படி ஒரு தணிக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்காது.

சட்டம் கிடக்கட்டும். 2023 டிசம்பரில் இன்சோம்னியாக் கேம்ஸிலிருந்து திருடிய 1.6 டெராபைட்டுக்கும் மேற்பட்ட தகவலை ஒரு கும்பல் வெளியிட்டதே, அதில் கேம்கள் மட்டுமா இருந்தன? ஊழியர்களின் தனிப்பட்ட ஆவணங்களும் இருந்தன. அதே ஆண்டு ஜனவரியில் ரயட் கேம்ஸிடம் மூலநிரலைத் திருடியவர்கள் 1 கோடி டாலர் கேட்டார்கள். கொடுக்க மாட்டோம் என்று நிறுவனம் வெளிப்படையாகச் சொன்னது. இனி ஆட்டத்தில் ஏமாற்றி ஜெயிக்க உதவும் புதிய மென்பொருள்கள் வரக்கூடும் என்றும் எச்சரித்தது. பாதிப்பு கடைசியில் ஆடுகிறவர்கள் தலையில்தான் விழுகிறது. கசிவை ஒரு பரிசு போல எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பழைய கேம்கள் அழிந்துவிடக் கூடாதே என்ற வாதம் மட்டும் என்னைத் தடுமாற வைக்கிறது. அதைச் சொல்கிறவர்கள் நல்ல மனிதர்கள். நிறுவனமே தன் மூலநிரலைத் தொலைத்துவிட்டால், கசிந்த பிரதிதான் மிச்சம் என்ற நிலைகூட வரலாம். அதை ஒருவர் பத்திரமாக வைத்திருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். அதை வைத்துப் பொருள் செய்து விற்பது வேறு. டூம் கேமின் மூலநிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997-இல் தானாகவே வெளியிட்டது. இன்றுவரை அந்த கேம் எந்தக் கருவியிலும் ஓடுவதற்கு அதுதான் காரணம். 2020-இல் இஏ நிறுவனம் கமாண்ட் அண்ட் காங்கர் தொடரின் இரண்டு பழைய கேம்களின் நிரலை, யாரும் எடுத்து மாற்றிப் பகிர விடும் ஜிபிஎல் உரிமத்தில் தந்தது. நம் கேமின் உரிமையாளர்களுக்கும் இதைக் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வந்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம்.

எஞ்சின் குழுவில் இருந்த ஒருவர் எங்களை விட்டுப் போனதைக் கவனித்திருப்பீர்கள். கசிந்த கோப்புகளைத் தன் சொந்த ஆர்வத்தில் திறந்து பார்த்துவிட்டதாக அவரே வந்து சொன்னார். அவர் ஒரு வரிகூட எங்கள் நிரலில் சேர்க்கவில்லை. ஆனாலும் எஞ்சின் பக்கம் அவரை வைத்திருக்க முடியவில்லை. வேறு வேலை கொடுத்தோம், அது அவருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய நேர்மைக்கு நன்றி சொல்லித்தான் அனுப்பினோம். அவரைப் பற்றித் தப்பாகப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் இடத்துக்கு ஆள் தேடுவதால் ஆன்லைன் ஆட்டம் தள்ளிப்போகிறது, புதுப்பிக்கும்போது ஆண்டுச் சந்தாவும் சற்று உயரும்.

இத்தனை பேச்சுக்கு நடுவிலும் சந்தாவை நிறுத்தாமல், எங்களுக்காக நாலு இடத்தில் பேசியவர்களுக்கு மனமார்ந்த நன்றி. நள்ளிரவில் பிழை கண்டுபிடித்து, அப்போதே சேவ் கோப்போடு எழுதுகிற உங்களால்தான் இந்த எஞ்சின் இந்த அளவுக்கு வந்திருக்கிறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். பிழை சொல்லும்போது சேவ் கோப்பு, திரைப்பதிவு, நீங்கள் பார்த்தது, இவை போதும். கசிந்த நிரலின் வரிகளை உதவியாக நினைத்துக்கூட ஒட்டி அனுப்ப வேண்டாம். அப்படி வரும் மடல்களை எஞ்சின் குழுவுக்குப் போகாமல் வாசலிலேயே அழித்துவிடுவோம், உங்கள் பிழையும் அதோடு போய்விடும். நிரல் இல்லாமல் மறுபடி எழுதுங்கள், கட்டாயம் பார்க்கிறோம்.

அன்புடன்,
நிறுவனர்