ஸ்கேன் சுத்தமா இருந்தாலும் லிம்ப் நோட எடுக்கச் சொல்றது ஏன்

அன்புள்ள சேகர்,

உன் லெட்டர் நேத்து வந்துச்சு. பாப்பாவுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு படிச்சதும் கமலாவுக்கு தலகால் புரியல, உடனே போன் போடுங்கன்னு நின்னா. ஆனா அடுத்த பக்கத்துலயே அடுத்த மாசம் உனக்கு புராஸ்டேட் கேன்சருக்கு ரோபோ ஆபரேஷன்னு எழுதி, பெட் ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லன்னாங்க, அப்புறம் எதுக்கு லிம்ப் நோடையும், அதான் நிணநீர் முடிச்சையும், எடுக்கணும்ங்கறாங்க, பில்ல ஏத்தவான்னு கேட்டிருந்த. போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதான் உக்காந்து எழுதறேன்.

பிஎஸ்ஏ, அதான் புராஸ்டேட்லேந்து ரத்தத்துல கலக்கற புரதத்தோட அளவு, 14, கேன்சர் எவ்வளவு முரடுன்னு சொல்ற கிளீசன் ஸ்கோர் 4+3ன்னு எழுதியிருக்க, எனக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்டா. எனக்கும் பிஎஸ்எம்ஏ பெட்ல, அதான் புராஸ்டேட் கேன்சர் செல்ல தேடி ஒட்டற மருந்த ஏத்தி எடுக்கற ஸ்கேன்ல, புராஸ்டேட் மட்டும்தான் பளிச்னு தெரிஞ்சுது, வேற எங்கயும் ஒண்ணும் இல்ல. ஆனா ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த பத்தாலஜி ரிப்போர்ட்ல டி3ஏ, என்1னு போட்டிருந்தாங்க. டி3ஏன்னா கட்டி புராஸ்டேட்டோட ஓரத்த தாண்டி வெளிய வந்திருக்கு, என்1ன்னா பக்கத்து லிம்ப் நோடுக்கும் போயிருக்கு. எடுத்தது 19 நோடு, அதுல இடது பக்கத்து ஒண்ணே ஒண்ணுல 3 மில்லிமீட்டர். சிடியும் எம்ஆர்ஐயும் நோடு வீங்கியிருக்கான்னு சைஸ வச்சுதான் சொல்லும், 8, 10 மில்லிமீட்டர் வந்தாதான் சந்தேகமே படுவாங்க. பிஎஸ்எம்ஏ அத விட எவ்வளவோ தேவல, ஆனா அதுக்கும் பொடிசு தெரியாது. சான் பிரான்சிஸ்கோலயும் லாஸ் ஏஞ்சலஸ்லயும் ரெண்டு யுனிவர்சிட்டில சேந்து பண்ண ஆராய்ச்சில, ஸ்கேன் எடுத்துட்டு அப்புறம் நோடையும் எடுத்த 277 பேர ஒப்பிட்டு பாத்திருக்காங்க, நோடுல உண்மையிலேயே கேன்சர் இருந்தவங்கள்ல ஸ்கேன் கண்டுபிடிச்சது 40 பர்சன்ட்தான். ஸ்கேன்ல இருக்குன்னு வந்தா பெரும்பாலும் இருக்கும், இல்லன்னு வந்தா மட்டும் அப்படியே நம்பிட முடியாது.

எனக்கு டாக்டர் ஆபரேஷன் வீடியோவ போட்டுக் காட்டினாரு. இடுப்புக்குள்ள காலுக்கு போற பெரிய ரத்தக்குழாய், அதுக்கு கீழ வெள்ளையா நூல் மாதிரி ஒரு நரம்பு, அதுதான் தொடைய உள்பக்கமா சேக்கற நரம்பாம், அத சுத்தி மஞ்சளா கொழுப்பு. நோடெல்லாம் அந்த கொழுப்புக்குள்ளதான் இருக்கு. ரோபோ கை நரம்ப தொடாம அந்த கொழுப்ப மட்டும் உரிச்சு உரிச்சு எடுக்குது, வலது பக்கத்த ஒரு டப்பாலயும் இடது பக்கத்த இன்னொரு டப்பாலயும் பேர் எழுதி லேபுக்கு அனுப்பறாங்க. அங்க பத்தாலஜிஸ்ட் விரலால தடவித் தடவி நோட பொறுக்கி எடுத்து வெட்டிப் பாக்கறாங்க. இவ்ளோ பேர் கை பட்டுதான் அந்த ஒரு வரி வருது, அத நெனச்சா எனக்கு இப்பவும் மனசு நெறஞ்சு போகும்.

ஒண்ணு மட்டும் தெளிவா வச்சுக்கோ, நோட எடுத்தா ஆயுசு கூடும்னு யாரும் நிரூபிக்கல. 2021ல நியூயார்க்லயும் சாவோ பாலோலயும் கொஞ்சமா எடுக்கறதையும் நெறைய எடுக்கறதையும் ஒப்பிட்டு ரெண்டு ட்ரையல் ரிசல்ட் வந்துச்சு, கேன்சர் திரும்புதுங்கறதுக்கு அடையாளமா பிஎஸ்ஏ திரும்ப ஏறுறதுல மொத்தமா பாத்தா வித்தியாசம் இல்ல. அதனால இத எடுக்கறது முக்கியமா நோய் எதுவரைக்கும் போயிருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான். அதுக்கும் விலை இருக்கு, உள்ள நிணநீர் தேங்கலாம், கால் வீங்கலாம், ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு கட்டலாம். எனக்கே அடிவயிறு கனமா இருந்து ஸ்கேன்ல நீர் தேங்கியிருக்குன்னாங்க, தானாவே வத்திடுச்சு. ரிஸ்க் கம்மியான ஆளுக்கு இது தேவையே இல்ல. அதனால பில்லப் பத்தி சந்தேகப்படறத விட்டுட்டு, எனக்கு நோடுல இருக்க வாய்ப்பு எத்தன பர்சன்ட்னு நேரா கேளு. பிஎஸ்ஏ, கிளீசன், பயாப்சி எல்லாத்தையும் போட்டு கணக்கு பாப்பாங்க, பிரிகான்டி நோமோகிராம்னு பேரு, 5 பர்சன்ட்ட தாண்டினா எடுக்கலாம்ங்கறதுதான் ஐரோப்பிய கைட்லைன்ல ரொம்ப நாளா இருந்த கோடு. உன் 4+3க்கு அது தாண்டும்னுதான் எனக்கு தோணுது, இருந்தாலும் டாக்டர் வாயால கேட்டுக்கோ.

ரிப்போர்ட் வந்தப்ப என் பையன் நெட்ல தேடி, என்1ன்னா ஸ்டேஜ் 4ஏன்னு படிச்சுட்டு ராத்திரி பூரா தூங்கல. காலைல கண்ணெல்லாம் செவந்து போய் நிக்கறான். டாக்டர்தான் அவன உக்கார வச்சு, எலும்புக்கு போன ஸ்டேஜ் 4 வேற, இடுப்புல ஒரு நோடுல மட்டும் இருக்கறது வேற, ரெண்டுக்கும் ஒரே நம்பர் போட்டாலும் வாழ்க்கை ஒண்ணு இல்லன்னு பொறுமையா சொன்னாரு. ஆறு வாரம் கழிச்சு எடுத்த பிஎஸ்ஏ 0.1க்கு கீழ இருந்துச்சு, ஒரே ஒரு நோடுதான்ங்கறதால ஹார்மோன் ஊசி, ரேடியேஷன் எதுவும் உடனே வேண்டாம், மூணு மாசத்துக்கு ஒருதரம் பிஎஸ்ஏ பாத்துக்கிட்டே இருக்கலாம், 0.2 வந்தா அடுத்தத யோசிக்கலாம்னு முடிவு பண்ணோம். நோட எடுக்காம விட்டிருந்தா ஒண்ணும் இல்லன்னு நான் செக்கப்ப தள்ளிப்போட்டிருப்பேன்டா, என்னப் பத்திதான் உனக்குத் தெரியுமே.

சாந்திகிட்டயும் இத படிச்சுக் காட்டு, அவளும் பயந்துகிட்டுதான் இருப்பா. தேதி முடிவானதும் சொல்லு, நானும் கமலாவும் ரெண்டு நாள் முன்னாடியே பாண்டிச்சேரி வந்துடறோம், பேரனையும் பாத்த மாதிரி இருக்கும். பத்தாலஜி ரிப்போர்ட் வந்தா எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு.

உன்
பாலு