போனை எடுக்காதவர்கள்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்து போட்டோ பார்த்தோம், அவள் முழிக்கிற முழி அப்படியே உங்க அப்பாதான். இங்கே எல்லாரும் நலம். குளிர் ஆரம்பித்ததும் என் முட்டிவலியும் வந்துவிட்டது, மற்றபடி குறையில்லை.

இத்தனை கோடிப் பேர் இருக்கிற அமெரிக்காவில் தேர்தல் கருத்துக்கணிப்பு என்று ஆயிரம் பேரைக் கேட்டு, யார் அதிபர் என்று சொல்வது கூத்தாக இல்லையா என்று கேட்டிருந்தாய். ஆயிரம் என்பதில் தப்பே இல்லைடா. 1936-ல் லிட்டரரி டைஜஸ்ட் என்கிற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, திரும்பி வந்த இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை எண்ணி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வாரிக்கொண்டு போனார். சீட்டு அனுப்ப டெலிபோன் டைரக்டரியிலும் கார் பதிவேட்டிலும் பெயர் பொறுக்கினார்கள். அந்தப் பொருளாதாரச் சரிவுக் காலத்தில் அதெல்லாம் யாரிடம் இருந்திருக்கும், நீயே சொல்லு. மெனக்கெட்டுச் சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களிலும் ரூஸ்வெல்ட் மேல் கடுப்பில் இருந்தவர்கள்தான் அதிகம். அதில் ஒரு துளி ஆட்களை மட்டும் கேட்ட ஜார்ஜ் கேலப் என்கிற கணிப்பாளர், ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார். அவரும் 1948-ல் டூயி ஜெயிப்பார் என்று சொல்லி, ட்ரூமன் ஜெயித்ததில் கவிழ்ந்தார் என்பது வேறு கதை. எல்மோ ரோப்பர் என்கிற இன்னொரு கணிப்பாளர், டூயிதான் அதிபர், இனி எண் வெளியிட வேண்டியதில்லை என்று செப்டம்பரிலேயே கடையைக் கட்டியிருந்தார்!

இப்போதைய தொல்லை போன். கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையம் கூப்பிட்டால் 1997-ல் நூற்றுக்கு 36 பேர் பதில் சொன்னார்கள், 2018-ல் 6 பேர். 2024 அதிபர் தேர்தலில் எனக்கும் ஒரு அழைப்பு வந்தது. ஒரு பெண்மணி எழுதிவைத்ததை வாசிக்கிறார்: கட்டாயம் ஓட்டுப் போடுவீர்களா, அநேகமாகவா, 2020-ல் போட்டீர்களா, அப்புறம்தான் ஹாரிஸா ட்ரம்பா, கடைசியில் படிப்பு, வருமானம். பொறுமையாகச் சொன்னேன். பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர் தெரியாத நம்பர் என்றால் எடுக்கவே மாட்டார். அவர் கிடைக்காததால் அவர் வயது, அவர் படிப்பு உள்ள இன்னொருவர் சொன்னதை ஒன்றரை ஆள், இரண்டு ஆள் என்று கூட்டிப் போடுவார்கள். ஆனால் போனை எடுக்கிற லாரிக்காரரும் எடுக்காத லாரிக்காரரும் ஒரே மாதிரி ஓட்டுப் போடுவார்கள் என்று யார் சொன்னது? எனக்கு உறுத்துவது இதுதான்.

2016-ல் பல மாநிலக் கணிப்புகள் படிப்பு வாரியாகக்கூட இப்படிக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டவில்லை. கல்லூரி முடித்தவர்கள்தான் அதிகம் பதில் சொல்வார்கள், அவர்கள் ட்ரம்பை எதிர்த்து நின்ற ஹிலரி பக்கம் சாய்ந்திருந்தார்கள். 2024-ல் அயோவா மாநிலத்தில் ஆன் செல்சர் என்கிற கணிப்பாளர், பல வருஷம் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவர், ஹாரிஸ் 3 புள்ளி முன்னிலை என்றார். ட்ரம்ப் 13 புள்ளியில் ஜெயித்தார்.

இன்னொன்று: கணிப்பில் பிழை கூடக் குறைய 3 சதவீதம் என்று போடுவது ஒவ்வொருவர் பங்குக்கும் தனித்தனியே. இருவருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்துக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒருவருக்கு 48, இன்னொருவருக்கு 46 என்றால் யார் முன்னிலை என்று சொல்லவே முடியாது. டிவியில் அதை வைத்துத்தான் ராத்திரி முழுக்கக் கத்துகிறார்கள்.

சரி, தை மாசம் வருகிறோம், டிக்கெட் போட்டாச்சு. ரத்தினம் ஊரில் இருப்பானா என்று கேட்டுவை. அவன் நம்பர் மாறிவிட்டது போல, ரிங்கே போகமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
பாலு