அப்பாவுக்கு, நெதர்லாந்திலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமென்று தம்பி சொன்னான். அன்றைக்கு போனில் நீங்கள் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் ஆய்வகத்தில் ஒரு வேதிவினை ஓடிக்கொண்டிருந்தது. "வேதியியல் படிக்கத்தானே போனாய், சட்ட வகுப்பில் உனக்கு என்னம்மா வேலை?" என்றீர்கள். ஆயுசு முழுக்கக் கோர்ட்டில் வாதாடியவர் கேட்கிற கேள்வியா இது?

முதலில் இங்கத்திய நிலவரம். இங்கே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் ஊழியர்கள்தான். நான்கு வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு இன்னும் வாய் வரவில்லை. மின்னஞ்சலில் பெயரை எழுதிவிடுகிறேன், நேரில் பார்த்தால் எந்த விளியும் இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஆய்வகத்துக்குள் கால் வைக்க முடியாது என்று அம்மாவிடம் சொல்லுங்கள், நிம்மதியாக இருப்பாள்.

என் வேலை, பெப்டைடுகளை நொதியை (என்சைமை) கொண்டு உருவாக்குவது. அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலிதான் பெப்டைடு. அமெரிக்க வேதியியலாளர் மெரிஃபீல்ட் 1963-இல் காட்டிய வழியைத்தான் இன்றும் உலகம் பெரும்பாலும் பின்பற்றுகிறது: பிசின் மணிகளில் முதல் அமினோ அமிலத்தைப் பொருத்தி, ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போவது. 1984-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அருமையான முறைதான். ஆனால் ஒவ்வொரு படியிலும் கரைப்பானை ஊற்றிக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கழுவப் பெரும்பாலும் பயன்படும் டைமெதில்ஃபார்மமைடு என்ற கரைப்பான் கருவில் இருக்கும் குழந்தைக்குக் கேடு செய்யக்கூடியது.

நாங்கள் தண்ணீரில் வேலை செய்கிறோம். நாங்கள் எடுத்துக்கொள்ளும் நொதிகளின் பிறவிக்குணம் புரதத்தை வெட்டுவது. அவற்றை வைத்து ஒட்டவைப்பது, கத்தரிக்கோலைக் கொடுத்துத் தைக்கச் சொல்வது போலத்தான். ஆனாலும் நடக்கிறது! எந்த வினையும் இரு திசையிலும் போகக்கூடியதுதானே. வெட்டும் நொதி கட்டவும் செய்யலாம் என்று வான்ட் ஹாஃப் 1898-லேயே சொல்லிவிட்டார். அவர் ராட்டர்டாமில் பிறந்தவர். வேதியியலுக்கான முதல் நோபல் அவருக்குத்தான். 1930-களில் மாக்ஸ் பெர்க்மன் என்ற வேதியியலாளரின் குழுவினர், பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைனைக் கொண்டு அதைச் செய்தும் காட்டினார்கள்.

எங்களுக்கு எதிரி தண்ணீர்தான். நொதி ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த துண்டு முந்தினால் பெப்டைடு உருவாகும், தண்ணீர் முந்தினால் எல்லாம் வீண். முந்தி உருவான பெப்டைடையும் அதே நொதி சாவகாசமாக வெட்ட ஆரம்பித்துவிடும். விளைச்சல் உச்சத்துக்குப் போய் இறங்குவதற்குள் அமிலத்தை ஊற்றி நிறுத்த வேண்டும். அதனால்தான் அன்று போனை வைத்தேன். இந்தத் தொல்லையைக் குறைக்க, 1991-இல் அமெரிக்காவில் ஜெனென்டெக் நிறுவனத்தில் சப்டிலிசின் என்ற நொதியில் இரண்டே இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினார்கள். வெட்டும் புத்தி ஏறக்குறைய போய், ஒட்டும் புத்தி தங்கியது. நான் கையாளும் நொதிகள் அதன் வாரிசுகள்.

இனி நீங்கள் கேட்ட சட்டத்துக்கு வருகிறேன். இந்த நாட்டின் தெற்கே கெலீன் என்று ஓர் ஊர். ஜப்பானின் டோசோ நிறுவனமும் இங்குள்ள டிஎஸ்எம் நிறுவனமும் சேர்ந்து அங்கே அஸ்பார்டேம் ஆலை ஒன்றை நடத்தின. சர்க்கரையைவிட சுமார் 200 மடங்கு இனிக்கும் அஸ்பார்டேம், இரண்டே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. வேதிமுறையில் இணைத்தால் தப்பான இடத்திலும் இணைப்பு விழும், அது கசக்கும். தெர்மோலைசின் என்ற நொதி சரியான இடத்தில் மட்டும் இணைக்கிறது. அதோடு, அந்த இரண்டு அமினோ அமிலங்களில் ஒன்றான ஃபீனைல்அலனினின் எஸ்டரை, கண்ணாடிப் பிம்பம் போன்ற இடக்கை வடிவமும் வலக்கை வடிவமும் கலந்த மலிவான சரக்காகக் கொடுத்தாலும் தனக்கு வேண்டிய வடிவத்தை மட்டும் பொறுக்கிக்கொள்கிறது. மிஞ்சிய வடிவம் விளைபொருளோடு உப்பாகச் சேர்ந்து வீழ்படிவாகிவிடும்; கரைசலைவிட்டு அது விலக விலக வினை முன்னோக்கியே போகும். இவ்வளவு அழகான வேதியியலை நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்படியும் அந்த ஆலை 2006-இல் மூடப்பட்டது. குடுவையில் எந்தக் கோளாறும் இல்லை. அஸ்பார்டேமுக்கு அமெரிக்காவின் நியூட்ராஸ்வீட் நிறுவனம் வைத்திருந்த காப்புரிமை ஐரோப்பாவில் 1987-இல் முடிந்தபோது இவர்கள் களத்தில் இறங்கினார்கள். நியூட்ராஸ்வீட் விலையைத் தாறுமாறாகக் குறைத்தது. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வரும் அஸ்பார்டேமுக்கு 1991-இல் ஐரோப்பிய சமூகம், அடிமாட்டு விலைக்கு இறக்குமதி செய்வதைத் தடுக்கும் டம்பிங் தடுப்பு வரி போட்டது. அமெரிக்கக் காப்புரிமை 1992 இறுதியில் முடிய வேண்டும். அதற்குச் சற்று முன்பே கோகோ கோலாவும் பெப்சியும் நியூட்ராஸ்வீட்டோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. பெரிய வாடிக்கையாளர்கள் இருவரும் அதோடு கைவிட்டுப் போனார்கள். போட்டியாளர் ஒருவர் இருந்ததால்தான் அவர்களுக்குச் சல்லிசாகக் கிடைத்தது. போட்டியை உருவாக்கியவருக்குக் கிடைத்தது வெறுங்கை.

இதைக் கேட்டபிறகுதான் ராட்டர்டாமுக்கு ரயில் ஏற ஆரம்பித்தேன். எராஸ்மஸ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பொருளாதாரத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. போலோன்யா, ஹாம்பர்க் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து முனைவர் பட்டமே தருகிறார்கள். நான் பின்வரிசை ஆள்தான். பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1960-இல் எழுதியதில் தொடங்கினார்கள்: பேரம் பேசச் செலவே இல்லையென்றால் உரிமை யாருக்குப் போனாலும் வளம் கடைசியில் அதிகப் பயன் தரும் இடத்துக்கே போய்ச் சேரும், நிஜத்தில் செலவு உண்டு, ஆகவே சட்டம் உரிமையை யாரிடம் வைக்கிறது என்பது முக்கியம். எனக்கு உடனே எங்கள் கரைப்பான்தான் நினைவுக்கு வந்தது. தொழிலாளியின் உடம்புக்கு வந்த கேடு ஆலையின் கணக்கில் ஏறாதவரை பழைய முறை மலிவு, நொதிமுறை விலையுயர்ந்தது. தொழிலாளியின் உடம்பில் அந்தக் கரைப்பான் எவ்வளவு படலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் வைத்த வரம்பு 2023 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. கணக்கு மாறத் தொடங்கியது, என் நொதி ஒரு துளியும் மாறவில்லை.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். செய்முறைக் காப்புரிமை (பொருளைச் செய்யும் வழிக்கான காப்புரிமை) வழக்கில் நிரூபிக்கும் பொறுப்பைப் பிரதிவாதியின் தலையில் வைக்க, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 34-ஆம் விதி இடம் தருகிறது. நம் காப்புரிமைச் சட்டத்தில் 104ஏ பிரிவு. "நான் வேறு வழியில் செய்தேன்" என்று அவர்தான் காட்ட வேண்டும். நியாயம் புரிகிறது, நன்றாகச் சுத்தம் செய்த பெப்டைடை வைத்து எந்த நொதி இணைத்தது என்று கண்டுபிடிப்பது மிகக் கடினம். ஆனால் நிரூபிக்கப் போனால் தன் தொழில் ரகசியத்தை எதிராளி முன்னால் கொட்ட வேண்டியிருக்குமே? அதையும் கவனிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, எப்படி என்று சொல்லவில்லை. நீதிபதி தன் அறையில் மட்டும் ஆவணத்தைப் பார்த்துத் தீர்ப்பு சொன்ன வழக்கு எதையாவது நீங்கள் நடத்தியிருக்கிறீர்களா? அதில் எதிர்த்தரப்பு வக்கீல் என்ன ஆட்சேபம் சொன்னார் என்பதுதான் எனக்கு வேண்டும். தட்டச்சு செய்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கையால் எழுதி, படம் எடுத்துத் தம்பியை அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்