பரண் சுவடியும் ஈரத்துணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பரணில் ஓலைச்சுவடி கிடைத்தால், ஈரத்துணியால் துடைத்து பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுகிறார்கள். ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். முன்பு ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றோடு விட்டதற்கு இது தேவலை, அவ்வளவுதான்.

காய்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். ஒட்டிய ஏடுகளைப் பிய்க்காதீர்கள். எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஓலை நரம்பின் போக்கிலேயே மெல்லத் தடவினால் வளையும் தன்மை திரும்பும், பூச்சியும் அண்டாது. வண்ணம் தீட்டிய ஏட்டில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. நிழலில் உலர்த்திப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். ஏடுகளைக் கோத்த கயிறு இறுகினால் துளையோரம் கிழியும்.

கயிற்றை உருவி வரிசை குலைந்துவிட்டால், இடது ஓரத்துத் தமிழ் எண்களைப் பாருங்கள். அவைதான் ஏட்டெண். மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இராது, எழுத்தாணி ஓலையைக் குத்திவிடும் என்பதால். படிக்கத் திணறுவோர் 1901-ல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் விசாரிக்கலாம்.

– ஒரு வாசகர், மதுரை