மைக் போடாத தம்பிக்கும், வந்து நின்ற எல்லோருக்கும்

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்து நேற்று காலை வீட்டுக்கு வந்துவிட்டாள். ரயிலில் கீழ் பெர்த்தில் படுத்தபடியே திருநெல்வேலி வரை வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றியதும் நேராக அடுப்படியைத்தான் எட்டிப் பார்த்தாள். எனக்கு இன்னும் கை நடுக்கம் நிற்கவில்லை. நின்ற பிறகு எழுதலாம் என்று இருந்தால் எழுதாமலே விட்டுவிடுவேன். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

என்ன ஆனது, எப்படி ஆனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்தப் பதினொரு நாளையும் மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. வந்தவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2019-இல் இருந்து நாங்கள் நான்கு பேர் ஒரே ஸ்குவாட், அதாவது போனில் ஆடும் பப்ஜி என்ற சண்டை விளையாட்டில் ஒரே அணி. அம்பத்தூர் அண்ணன், வேலூர் தங்கச்சி, செங்கல்பட்டுத் தம்பி, நான். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தபோது இதோடு கலைந்துவிடுவோம் என்றுதான் நினைத்தேன். கால் ஆஃப் டியூட்டி என்ற இன்னொரு விளையாட்டில் கொஞ்ச நாள் ஒப்பேற்றினோம். 2021 ஜூலையில் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ வந்தது. அடுத்த ஜூலையில் அதையும் ஆப் ஸ்டோர்களில் இருந்து எடுத்தார்கள். ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் மட்டும் ஆட முடிந்தது. அதற்காகவே, பேட்டரி உப்பிப்போன பழைய போனைக்கூட மாற்றாமல் வைத்திருந்தோம். 2023 மே மாதம் அது திரும்பி வந்தபோதும் அதே நான்கு பேர்தான் இருந்தோம். ஆனால் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில்தான் முதல்முறையாகப் பார்த்தோம்.

செங்கல்பட்டுத் தம்பியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். அவனிடம் கேட்டு, எழுதுங்க அக்கா என்று அவன் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

இத்தனை வருஷத்தில் அவன் குரலை நாங்கள் கேட்டதில்லை. எதிரி எந்தப் பக்கம் என்று மேப்பில் மார்க் போடுவான். யாராவது அடிபட்டு நாக் ஆகி விழுந்தால், கூப்பிடுவதற்கு முன்பே ஸ்மோக் எறிந்து, அந்தப் புகைக்குள் ஓடிவந்து ரிவைவ் செய்து எழுப்பிவிடுவான். வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் மட்டும் போடுவான். "மைக்கைப் போடுடா, ஊமையா நீ" என்று எத்தனை தடவை கத்தியிருக்கிறோம். நான்தான் அதிகம் கத்தினேன். மேப்பில் இருக்கும் போச்சின்கி என்ற ஊரில் ஒரு ஆட்டம் தோற்றதற்காக ஒரு வாரம் அவனோடு பேசாமல்கூட இருந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு நாள் அம்மாவுக்குப் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) வேண்டும், டோனரைக் கூட்டி வாருங்கள் என்றார்கள். ஒரே ஆளிடம் இருந்து மெஷின் வைத்து எடுப்பது. ரத்தம் மெஷினுக்குள் போய், பிளேட்லெட்டை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பி அனுப்பும். ஒன்றரை மணி நேரம் ஆகும். எடுத்து வைத்தாலும் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, அதனால் எப்போதும் கையிருப்பில் இருக்காது. எனக்கு ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டிய இடத்தில் பத்துதான் இருந்தது. அம்பத்தூர் அண்ணன் முந்தின நாள் மாத்திரை போட்டிருந்தார், வேண்டாம் என்றுவிட்டார்கள்.

சாயங்காலம் நான்கு மணிக்கு, ஒல்லியாக ஒரு பையன் ரத்த வங்கி வாசலில் வந்து நின்றான். போனைத் திருப்பி, விளையாட்டில் இருக்கும் தன் பெயரைக் காட்டினான். பேசவில்லை. உள்ளே போய் எடை பார்த்தான், 47 கிலோ. சாதாரணமாக ரத்தம் கொடுக்க 45 போதும், இப்படி எடுக்க 50 வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வெளியே வந்தவன் என்னைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு நடந்து போனான். வருத்தத்தில் ஊருக்குக் கிளம்பிவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

ஏழு மணிக்குத் திரும்பி வந்தான். கூட இரண்டு பேர். ஒருவர் கல்லூரி மாணவர், இன்னொருவர் உணவு டெலிவரி செய்கிறவர், சட்டைகூட மாற்றாமல் வந்திருந்தார். இரண்டு பேரையும் அவனுக்கு முன்பின் தெரியாது. மாணவருக்கு நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. டெலிவரி அண்ணனுக்கு எல்லாம் பொருந்தியது.

ஊசி போட்டுப் படுத்திருந்தபோது அவர்தான் சொன்னார். "உங்க தம்பிக்குப் பேச்சு திக்கும் போலம்மா. மெஸ் வாசல்ல நின்னு போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டு இருந்தார். ஒரு வாக்கியம் முடிக்க ரொம்ப நேரம் ஆகுது. பாதிப் பேர் காசு கேக்குறார்னு நெனச்சு நகர்ந்துட்டாங்க. ஆனா அவர் நிறுத்தல. நான் முழுசாக் கேட்டேன், வண்டிய ஓரமா நிறுத்திட்டேன்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான்கே பேர் இருக்கும் இடத்தில், ஐந்து வருஷத்துக்கும் மேலாக, யாராவது சிரித்துவிடுவார்களோ என்று மைக்கைப் போடாத பிள்ளை. என் அம்மாவுக்காக, முன்பின் தெரியாதவர்கள் முன்னால் மூன்று மணி நேரம் பேசியிருக்கிறான். அவன் சுவரோரமாக நின்று, டோனருக்கு ஜூஸ் டப்பாவில் ஸ்ட்ரா குத்திக்கொண்டிருந்தான்.

தம்பி, நாங்கள் கத்தியதற்கெல்லாம் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நேரிலும் கேட்டேன், நீ தலையை ஆட்டிவிட்டு டீ வாங்கப் போய்விட்டாய். அதனால் இங்கே எல்லோர் முன்னாலும் மறுபடி கேட்கிறேன்.

அப்புறம், மற்றவர்கள். பதினொரு ராத்திரியில் ஆறு ராத்திரி வராண்டாவில் படுத்த அம்பத்தூர் அண்ணன். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலூரில் இருந்து பஸ் ஏறி வந்து, என் தலையில் எண்ணெய் வைத்துப் பின்னிவிட்ட தங்கச்சி. எங்களோடு எப்போதாவது ஆடும் பிள்ளைகள், அவரவர் குழுவில் செய்தி போட்டவர்கள், பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லாதவர்கள், செவிலியர்கள், ரத்த வங்கியில் இரவுப் பணியில் இருந்தவர். பெயர் தெரியாத டெலிவரி அண்ணன், அன்றைய வருமானம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. யாரையாவது விட்டிருந்தால் மறந்ததாக நினைக்காதீர்கள். அந்த நாட்களில் யார் வந்தார், யார் போனார் என்றே எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு நினைவு தெளிந்த அன்று, கண்ணாடிக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்து, "யாருட்டி இவங்கெல்லாம்?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. "என்கூட விளையாடுற பிள்ளைங்கம்மா" என்றேன். சின்ன வயதில் தெருவில் ஆடியவர்கள் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, "சாப்பிட்டாங்களா கேளு" என்றாள்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின ராத்திரி லாட்ஜ் அறையில் நாலு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து எராங்கல் மேப்பில் ஒரு ஆட்டம் ஆடினோம். பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் யாருக்கும் மைக் தேவைப்படவில்லை. நடுவில் தம்பி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். மூன்று பேரும் ஓடுவதை நிறுத்திவிட்டோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. "பின்னாடி, அக்கா" என்று அவன் சொல்லி முடித்தபோது நான் நாக் ஆகியிருந்தேன். அவன்தான் முதலில் சிரித்தான். அப்புறம் ஸ்மோக் எறிந்து ஓடி வந்தான்.

ஹீமோகுளோபினை ஏற்றுவதற்கு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். 12.5-ஐத் தொட்டதும் முதல் வேலையாகப் போய் ரத்தம் கொடுப்பேன். பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாமாம், நாள்காட்டியில் குறித்துக்கொள்வேன். இதை எல்லோர் முன்னாலும் சொல்லி வைக்கிறேன், தள்ளிப்போட்டால் கேளுங்கள்.

தம்பி, சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வந்துவிடு. பேச வேண்டும் என்று தோன்றினால் பேசு, நாங்கள் காத்திருப்போம். இல்லையென்றால் எப்போதும்போல மார்க் போடு.