காவிரி டெல்டாவில் வருஷத்துக்கு எத்தனை நாள் வேலை என்று யார் எண்ணுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டில் வேலையின்மை குறைந்துவிட்டது என்று உங்கள் பத்திரிகையிலும் மற்றவற்றிலும் அடிக்கடி செய்தி வருகிறது. அந்த எண் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 2017-18ல் 6.1 சதவீதமாக இருந்தது 2023-24ல் 3.2 ஆகியிருக்கிறது, மத்திய அரசு வீடு வீடாகப் போய் எடுத்த தொழிலாளர் கணக்கெடுப்புதான். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு கிராமத்தில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது, ஆள்தான் கிடைக்கவில்லை என்று டிவி விவாதத்தில் ஒருவர் பேசியதைக் கேட்டேன், அதற்கப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கணக்கெடுப்பில் யாரை வேலையில் இருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். போன 365 நாளில் ஒருவர் துணை வேலையாக 30 நாள் ஏதாவது செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்தான். வாராந்திர முறையில் கணக்குப் பார்த்தால் இன்னும் சுலபம், போன ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் போதும். உலகம் முழுக்க ஏறக்குறைய இப்படித்தான் எடுக்கிறார்கள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இந்த முறை பொருந்தும். ஆற்றில் தண்ணீர் வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை என்று இருக்கிற எங்கள் பக்கத்துக்கு இது எதையும் சொல்லுவதில்லை.

நான் நீடாமங்கலம் பக்கம் ஒரு சின்ன கணினி மையம் நடத்துகிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட்டுக்குப் பதிவு, திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் டிக்கெட், இதுதான் தொழில். ஊரில் யார் என்ன வேலைக்கு அலைகிறார்கள் என்பது இந்தக் கடையில் உட்கார்ந்தால் தெரியும். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு அறிவிப்பு வந்தால் வாசல் வரைக்கும் கூட்டம் நிற்கும். 2025 ஜூலையில் நடந்த அந்தத் தேர்வுக்கு அறிவிக்கும்போது இருந்தது 3,935 இடம், விண்ணப்பித்தவர்கள் கிட்டத்தட்ட 13.89 லட்சம் பேர். அதில் எங்கள் கடையிலிருந்து போனவர்களில் பாதிப் பேர் பட்டம் வாங்கிய பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள் நடவாட்கள். இந்த அம்மாக்களைப் பற்றித்தான் நான் முக்கியமாகப் பேச நினைக்கிறேன்.

ஐம்பது வயதுக்கு மேல் இருக்கிற ஒரு அம்மாவுக்கு டெல்டாவில் வருஷத்துக்கு என்ன வேலை இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். முதல் நெல் பருவமான குறுவைக்கு நாற்றுப் பறி, நடவு, களையெடுப்பு, அப்புறம் அடுத்த பருவங்களான சம்பா, தாளடி நடவு, அதற்கும் களை, ஐப்பசியில் குறுவை அறுப்பு, தை மாசி என்று சம்பா தாளடி அறுப்பு, பிறகு உளுந்து பயறு பறிப்பது, கோடையில் பருத்தி போட்ட இடத்தில் பஞ்சு எடுப்பது. அறுப்புக்குக் கூலி நெல்லாகவே வரும், அது சில மாதம் சாப்பாட்டுக்கு ஆகும். இந்தக் கூலிக்காக இந்த மண்ணில் என்னவெல்லாம் நடந்திருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்துபோனதற்குப் பின்னால் இருந்தது கூலி நெல் கூடுதலாகக் கேட்ட சண்டைதான். அதற்கடுத்த வருஷம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அப்படிப் போராடி வாங்கிய அந்தக் கூலி இன்றைக்கு இருக்கிறது, அந்த வேலைதான் இல்லை.

அறுப்பு முழுக்க மிஷினுக்குப் போய்விட்டது. ஒரு ஏக்கரைக் கையால் அறுத்து அடிக்கப் பதினைந்து இருபது பேர் வேண்டும், மிஷின் ஒரு மணி ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போகிறது. சேறான வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, ஆத்தூர், நாமக்கல் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து நிற்கும். இதற்காக விவசாயியைக் குற்றம் சொல்ல மாட்டேன். வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேல் நிற்கும்போது குறுவைக் கதிர் சாய்ந்து முளைத்துவிடாமல் இரண்டு நாளில் அறுத்தாக வேண்டும், அவர் என்ன செய்வார்? களைக்கு மருந்து அடிக்கிறார்கள். வைக்கோல் சுருட்டவும் மிஷின் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது நடவு ஒன்றுதான், அதிலும் பாதி நடவு மிஷினுக்கும் நேரடி விதைப்புக்கும் போக, மீதிக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் குழுவாக வந்து ஏக்கருக்கு நாலாயிரத்து ஐநூறு, ஐயாயிரம் என்று பேசி நட்டுவிட்டுப் போகிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில் பலரும் வேறு பக்கம் போய்விடுகிறார்கள். வங்காளத்திலிருந்து வருகிற அந்த ஆட்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. மோட்டார் கொட்டகையில் படுத்து, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, விடியும் முன்னாலேயே வயலில் இறங்குகிறவர்கள். எங்கள் பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியிலும், சிங்கப்பூரில் கட்டட வேலையிலும், வளைகுடாவிலும் இருப்பது எப்படியோ அப்படித்தான் அவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னையை எல்லாம் சாய்த்தபோது எத்தனை குடும்பம் பை தூக்கிக்கொண்டு வெளியூர் போனது என்று எங்களுக்குத் தெரியும். வெளியே போன ஆளும் உள்ளே வந்த ஆளும் ஒரே காரணத்துக்காகத்தான் ஊரை விட்டிருக்கிறார்கள்.

சரி, நாட்டுக் கணக்கு என்ன சொல்கிறது? 2018-19ல் வேலை செய்கிறவர்களில் 42.5 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தார்கள், 2023-24ல் அது 46.1. கொரோனாவில் ஊருக்குத் திரும்பியவர்களில் நிறையப் பேர் அப்படியே வயலில் நின்றுவிட்டார்கள். பெண்கள் வேலைக்கு வருவது 2017-18ல் இருந்த 23.3லிருந்து 2023-24ல் 41.7 சதவீதமாகக் கூடியிருக்கிறது, நல்ல செய்திதான். ஆனால் கிராமத்துப் பெண்களில் வேலை பார்ப்பவர்களை எடுத்தால் 76.9 சதவீதம் பேர் விவசாயத்தில். சொந்தத் தொழில் என்று கணக்கில் வருகிறவர்கள் அதே காலத்தில் 52.2லிருந்து 58.4 சதவீதம் ஆகியிருக்கிறார்கள், சம்பளமே இல்லாமல் வீட்டு வயலிலும் வீட்டுக் கடையிலும் கூடமாட வேலை பார்ப்பவர்களும் இதற்குள் சேர்த்தி. இதை வாசித்துவிட்டு எங்கள் ஊரைப் பார்த்தால் எனக்குப் புரிவது இதுதான்: ஆட்கள் விவசாயத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று கணக்கு சொல்கிற அதே காலத்தில் டெல்டா விவசாயம் ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. நிலம் இல்லாதவர்களுக்கு வீட்டு வயல் என்ற ஒன்றே கிடையாது, அவர்கள் எங்கே போய்க் கூடமாட நிற்பது?

2024ல் மேட்டூரில் தண்ணீர் இல்லாமல், வழக்கமாக ஜூன் 12ல் திறக்கிற அணையை ஜூலை 28ல்தான் திறந்தார்கள். போர்வெல் இல்லாத இடங்களில் குறுவையே போனது. குறுவை போனால் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் கூலி போகும் என்பது வருஷாந்திர சதவீதத்தில் எங்கேயும் தெரியாது, ஏனென்றால் சம்பாவில் 30 நாள் வேலை பார்த்திருப்பார்கள், கணக்கு சரியாகிவிடும். 2025 ஜனவரியிலிருந்து கணக்கெடுப்பை மாற்றி மாதாமாதம் எண் வெளியிடுகிறார்கள், மாதிரி எடுப்பதற்கும் மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைத்திருக்கிறார்கள், அது பெரிய முன்னேற்றம், பாராட்ட வேண்டும். ஆனால் மாதம் மாதம் வருவது நாடு முழுமைக்குமான எண். திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் மயிலாடுதுறைக்கும் ஆடியில் எத்தனை நாள் வேலை, பங்குனியில் எத்தனை நாள் என்று தமிழ்நாடு அரசாவது தனியாக மாதிரி கூட்டி எடுத்து வெளியிடலாம். புள்ளியியல் துறை இருக்கிறது, ஆட்களும் இருக்கிறார்கள்.

இப்போது நூறு நாள் வேலைக்கு வருகிறேன். 2006ல் இந்தத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்த ஆறு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. 2025-26ல் தமிழ்நாட்டுக்கு நாளைக்கு 336 ரூபாய் என்று வைத்தார்கள். நூறு நாள் என்று பெயர், நாடு முழுக்கப் பார்த்தால் ஒரு வீட்டுக்குச் சராசரியாகக் கிடைத்தது ஐம்பது நாள் சுற்றித்தான். 2025 டிசம்பரில் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் நிறைவேறிவிட்டது, 125 நாள் என்கிறது, செலவில் 40 சதவீதம் மாநிலம் போட வேண்டும் என்கிறது, விதைப்பு அறுப்புக் காலத்தில் மொத்தம் 60 நாள் இந்த வேலையை நிறுத்தி வைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. விவசாயத்துக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காக இந்த நிறுத்தமாம். டெல்டாவில் அறுப்புக் காலத்தில் வயலில் இருப்பது மிஷினும் அதன் டிரைவரும்தான். அந்த நாட்களில் இந்த வேலையையும் நிறுத்தினால் என் கடைக்கு வருகிற அந்த அம்மா வயலுக்கும் போக முடியாது, ஏரிக்கரைக்கும் போக முடியாது. வீட்டில்தான் உட்கார வேண்டும். கோவைக்கோ வேறு எங்கேயோ ஆள் தட்டுப்பாடு இருக்கலாம், அந்த அளவை எடுத்து எங்கள் மேல் வைக்காதீர்கள்.

அடுத்தது, டெல்டாவிலேயே என்ன வேலை உண்டாக்கலாம் என்பது. இதைச் சொன்னால் உடனே, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிவிட்டார்கள், இனி தொழிற்சாலை வராது என்கிறார்கள். 2020ல் வந்த அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயுக் கிணறு, தாமிரம் துத்தநாகம் உருக்குகிற ஆலை, தோல் பதனிடும் ஆலை மாதிரியானவற்றை. அந்தச் சட்டம் வேண்டும் என்று கேட்டு வாங்கியதே நாங்கள்தான். அரிசி ஆலைக்கோ, தவிட்டு எண்ணெய் எடுக்கவோ, அவல், பொரி, மாவு செய்யவோ அது தடை இல்லை.

எங்கள் நெல் என்ன ஆகிறது என்று நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு நின்றவர்கள் எல்லாருக்கும் தெரியும். அரசின் கொள்முதல் நிலையத்தில் வாங்கிய நெல் லாரியில் ஸ்டேஷனுக்கு வந்து, சரக்கு ரயிலில் ஒரு தடவைக்கு இரண்டாயிரம் டன் என்று ஏறி, அரவைக்கு வேறு மாவட்டங்களுக்குப் போகிறது. இங்கும் நவீன அரிசி ஆலைகள் இருக்கின்றன, விளைச்சலுக்குப் போதவில்லை. இங்கே மிஞ்சுகிற வேலை மூட்டை தூக்குவதும் கொள்முதல் நிலையத்தில் சில மாதம் பட்டியல் எழுதுவதும். அதுவும் பருவகால வேலை, அடுத்த வருஷம் கூப்பிடுவார்களா என்று தெரியாது. 2025 அக்டோபரில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் நனைந்து முளைத்துக் கிடந்ததை எல்லாரும் பார்த்தோம், சேமிக்கவும் அரைக்கவும் இங்கே இடம் கூடுதலாக இருந்திருந்தால் அதில் பாதி கஷ்டம் இருந்திருக்காது. நெல் பதப்படுத்துவதை ஆராயவே ஆரம்பித்த மையம்தான் இன்றைக்குத் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாகத் தஞ்சாவூரில் இருக்கிறது. படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், நெல் இங்கே இருக்கிறது, கை இங்கே இருக்கிறது. எது குறைகிறது என்று எனக்குப் புரியவில்லை.

2024-25ல் தமிழ்நாடு 11.19 சதவீதம் வளர்ந்தது என்று படித்தேன், பெருமையாகத்தான் இருந்தது. அந்த வளர்ச்சியில் பெரிய பங்கு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம். எங்கள் ஊர்ப் பெண் பிள்ளைகள் அங்கே போன் தயாரிக்கிற ஆலையில் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் தங்குவதற்காக வல்லம் வடகாலில் 18,720 பேருக்கான விடுதியை அரசே கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது, நல்ல காரியம், பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள். ஆனால் கல்யாணம் ஆகிக் குழந்தை பிறந்தவளால் விடுதியில் தங்க முடியுமா? ஊரிலேயே இருக்கிறவளுக்குக் கிடைப்பது மன்னார்குடியிலோ கும்பகோணத்திலோ ஜவுளிக்கடை வேலை, எட்டாயிரம் ஒன்பதாயிரம் சம்பளம். அதற்காவது போக முடிகிறதென்றால் 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால்தான். கடையில் உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று அதே வருஷம் சட்டத் திருத்தமும் வந்தது, எத்தனை கடையில் அந்த நாற்காலி இருக்கிறது என்று தொழிலாளர் துறை ஒரு நாள் சும்மா நடந்து பார்த்தால் போதும். தஞ்சாவூரில் 2024ல் மினி டைடல் என்ற ஐ.டி. பூங்கா திறந்திருக்கிறார்கள், பொறியியல் படித்த பிள்ளைகளுக்கு அது உதவும். எட்டாவது, பத்தாவது படித்த நாற்பது வயதுப் பெண்ணுக்கு டவுன் பஸ் போகிற தூரத்தில் ஆலை வேண்டும், அதைத்தான் கேட்கிறேன்.

கொள்முதல் செய்கிற நெல்லில் இவ்வளவு பங்கை டெல்டாவிலேயே அரைப்போம் என்று அரசு ஒரு அளவு வைத்து, வருஷா வருஷம் அதைக் கூட்டிக்கொண்டே போகலாம். அங்கே நிரந்தர வேலையில் பாதியை உள்ளூர்ப் பெண்களுக்கு என்று வைக்கலாம். மற்றபடி உடனே செய்ய வேண்டியது அந்த 60 நாள் விஷயம். எந்த நாட்கள் என்று அறிவிக்கப்போவது மாநில அரசு. அதிகாரிகள் சென்னையில் உட்கார்ந்து தேதி போடாமல், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சாவூரில் அறுப்பு நடக்கிற வாரத்தில் நாலு வயலுக்கு வந்து எத்தனை பெண்கள் கூலிக்கு நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டு, அப்புறம் தேதி போடட்டும். மேட்டூர் திறக்கிற ஜூன் 12க்கு முன்னால் அந்தத் தேதிகளைக் கிராம சபையில் வைத்தால், ஏதாவது தப்பாக இருந்தால் நாங்களே எழுந்து சொல்வோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.